கிளவுடில் சேர்ந்து கார் வடிவமைத்தவர்களே, இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம் சொல்லுங்கள்

தடம்மாறி:
நானே தொடங்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாரும் எழுத மாட்டீர்கள்.

தானாக ஓடும் காருக்குப் பாதை திட்டமிடும் குழு ஓர் இடம், சிமுலேட்டர் குழு வேறு இடம், இரண்டையும் ஒட்டுகிற வேலை எனக்கு. ஒருவர் மாற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போவார், இன்னொரு மூலையில் விடியும்போது மற்றவர் எடுப்பார், இடைப்பட்ட நேரத்தில் கிளவுடில் சிமுலேஷன் ஓடிக்கொண்டே இருக்கும். தெரிந்த கதைதான்.

வாகன அச்சுகளை வரையறுக்கும் ஐஎஸ்ஓ 8855 தரத்தின்படி எக்ஸ் முன்பக்கம், ஒய் இடப்பக்கம். எங்கள் சிமுலேட்டர் கேம் எஞ்சின் ஒன்றின் மேல் கட்டியது. அதில் ஒய் வலப்பக்கம். இதற்காகவே கூட்டல், கழித்தல் குறியைத் திருப்பிவிடும் ஒரு வரி என் பக்கத்தில் இருந்தது. திட்டக் குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர் அதைப் பார்க்கவில்லை; நல்லெண்ணத்தில் தன் பக்கத்திலும் ஒருமுறை திருப்பிவிட்டார்.

காலையில் பார்த்தால் சோதனை முடிவுகளைக் காட்டும் டேஷ்போர்டில் ஏறக்குறைய எல்லாமே பச்சை. காட்சிகளில் பெரும்பாலானவை நேர்ச்சாலை. பக்கவாட்டு நகர்வு பூஜ்யம். பூஜ்யத்துக்கு ஏது கூட்டலும் கழித்தலும்? சிவப்பு நாலைந்துதான். ஒன்றைத் திறந்தேன். முந்திச் சென்ற கார் மறுபடி இடத் தடத்துக்கு 3.5 மீட்டர் ஒதுங்க வேண்டும். இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டது. போட்டுக்கொண்டே வலப்பக்கம் 3.5 மீட்டர் ஒதுங்கியது. எதிரே லாரி. பதற்றமே இல்லை, ஒரு குலுக்கல் இல்லை, வளைவு அத்தனை அழகு. அந்த நளினம்தான் இன்றுவரை கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்த இரண்டு பேரில் நானும் ஒருவன். வேறொரு மீட்டிங்கில் காதைக் கொடுத்துக்கொண்டே அமுக்கியது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பதினெட்டு:
என் புனைபெயரே என் கதைதான்.

கேமரா படங்களுக்கு யூடிசி என்கிற உலகப் பொது நேரம், இருப்பிடத்துக்கு ஜிபிஎஸ் நேரம். பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக யூடிசியில் அவ்வப்போது சேர்க்கும் லீப் விநாடிகளை ஜிபிஎஸ் கடிகாரம் கண்டுகொள்ளாது, அதனால் 2017 ஜனவரி 1 முதல் 18 விநாடி முன்னால் ஓடுகிறது. பதிவு செய்யும் குழுவுக்கு இது தெரியும். வரைபடக் குழுவுக்கும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் கிளவுடில் தரவை ஒட்டிய ஸ்கிரிப்டுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 18 விநாடி என்றால் 300 மீட்டர்.

வரைபடத்தைத் திறந்தால் பாலத்தின் நடுவில் ஒரு டிராஃபிக் சிக்னலும் பாதசாரிகள் கடக்கும் கோடுகளும். கீழே ஆறு. அறையில் எல்லோரும் சிரித்தோம். எனக்கு உறுத்துவது அந்தச் சிரிப்பு இல்லை. அதே ஸ்கிரிப்டில் ஒட்டிய மற்ற பயணங்களில் பாலம் இல்லை, சாதாரண நேர்ச்சாலைதான். அங்கே சிக்னல் 300 மீட்டர் தள்ளி நின்றாலும் பார்க்க நியாயமாகவே இருந்தது. ஆறு வாரமாக யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கறார்:
தடம்மாறி, தப்பாக நினைக்க வேண்டாம், இது கிளவுட் கதையே இல்லை. அறைக்குள் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து செய்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். தவிர, எதிரே லாரி வந்தால் அவசர பிரேக் எங்கே போனது?

என் கதை சின்னது. வண்டிக்குள் கருவிகள் பேசிக்கொள்ளும் கேன் தடத்தில் பேட்டரி குழு செய்தியைப் பெரிய பைட் முதலில் வரும் மோட்டரோலா வரிசையில் அனுப்பியது, நாங்கள் சிறிய பைட் முதலில் வரும் இன்டெல் வரிசையில் படித்தோம். 256 என்று அனுப்பினால் 1 என்று படிக்கும். சார்ஜ் ஏறும்போது மின்னோட்டம் குறைகிறதே என்று அரை நாள் சார்ஜரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வாகன மின்னணுப் பாதுகாப்புக்கான தரத்தில், ஐஎஸ்ஓ 26262, பாகம் 8, பிரிவு 5 என்று ஒன்று இருக்கிறது. பல நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கும்போது யார் எதற்குப் பொறுப்பு, எந்த ஆவணம் யாரிடமிருந்து யாருக்கு, யார் சரிபார்ப்பது என்று முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. 2011 பதிப்பிலேயே உண்டு, 2018 பதிப்பிலும் உண்டு. எத்தனை பேர் அதைக் கையெழுத்து போட்ட நாளுக்குப் பிறகு திறந்திருக்கிறீர்கள்? அச்சுத் திசை, அலகு, நேர அடிப்படை, பைட் வரிசை, இந்த நான்கும் இடைமுகக் கோப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். கருத்துரையாக இல்லை, இயந்திரம் படிக்கும் புலமாக. குறி தெரியாத எண்ணை ஏற்க மாட்டேன் என்று மென்பொருளைத் தொகுக்கும் பில்டே மறுக்க வேண்டும். சிமுலேஷன் மாதிரிகளைப் பரிமாறிக்கொள்ள எஃப்எம்ஐ என்று ஒரு பொதுத் தரம் 2010லிருந்தே இருக்கிறது. அதில் ஒவ்வொரு மாறிக்கும் அலகு குறிக்க இடம் இருக்கிறது. அந்த இடத்தைக் காலியாக விடுகிறவர்களே அதிகம். நான் பார்த்த மாதிரிகளில் பாதிக்கு மேல் காலி. அப்புறம், ஒப்புதல் கொடுப்பவர் ஒரு நாளைக்கு எத்தனை மாற்றங்களைப் பார்க்கலாம் என்பதற்கும் வரம்பு வேண்டும். சமச்சீர் இல்லாத சோதனை ஒன்றாவது வேண்டும்: இடப்பக்கம் ஒரு திருப்பம், வலப்பக்கம் இரண்டு. நேர்ச்சாலையை ஆயிரம் முறை ஓட்டிப் பச்சையை எண்ணிக்கொண்டிருப்பதில் என்ன இருக்கிறது?

தடம்மாறி:
அந்தக் காட்சியில் பிரேக் வேண்டுமென்றே அணைத்து வைத்திருந்தது. திட்டமிடும் பகுதியை மட்டும் தனியாகச் சோதிக்கும் ஓட்டம். அதை எழுதாமல் விட்டது என் தவறு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நடந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தப் புதியவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒய் இடமா வலமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். எனக்குத் தூங்கும் நேரம் என்பதால் கேட்கவில்லை. பிறகு அவரே சொன்னது இது.

ஆரஞ்சு கேபிள்:
நீங்கள் எல்லாம் சாஃப்ட்வேர்க்காரர்கள், அழித்துவிட்டு மறுபடி ஓட்டலாம். எங்களுக்கு உலோகம்.

முழு வண்டியின் முப்பரிமாண மாதிரி கிளவுடில். நான் உயர் மின்னழுத்தக் கேபிள் பாதை. பேட்டரியின் குளிர்விப்புக் குழு குளிர் திரவத்தைப் பிரித்தனுப்பும் ஒரு மேனிஃபோல்டை நகர்த்தினால் என் திரையில் அந்த நொடியே நகரும். முதல் நாள் பார்த்தபோது மாயாஜாலம் போல இருந்தது. அவர்கள் நகர்த்த, நான் கேபிளை வளைத்து வேறு வழியாகக் கொண்டுபோக, எதுவும் எதையும் இடிக்கவில்லை என்று மென்பொருள் சொல்ல, எல்லோரும் கை தட்டினோம்.

கேபிள் செய்து தருகிறவர் வெளி நிறுவனம். அவர்களுக்கு எங்கள் கிளவுடுக்குள் வர உரிமம் இல்லை. செலவு, ரகசியம், வழக்கமான காரணங்கள். அவர்களுக்குப் போவது தட்டையான வரைபடம், அதுவும் இரவில் ஒருமுறை மாதிரியிலிருந்து உருவாகும் பிடிஎஃப். மேனிஃபோல்டு நகர்ந்தது செவ்வாய் காலை. அவர்கள் இறக்கிக்கொண்டது திங்கள் இரவு உருவானது.

முன்மாதிரிப் பட்டறைக்குப் போன நாள் ஞாபகம் இருக்கிறது. மெக்கானிக் ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார். ஒரு கையில் ஆரஞ்சு கேபிளின் முனை, இன்னொரு கையால் இன்வெர்ட்டரின் இணைப்பைத் தொட்டுக்காட்டுகிறார். நடுவில் நாலு விரல் இடைவெளி. இழுத்துப் பார்க்கவும் முடியாது. அந்தத் தடிமனுக்கு இவ்வளவுதான் வளைக்கலாம் என்று கணக்கு இருக்கிறது. அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. "திரையில எட்டுச்சா சார்?" என்று மட்டும் கேட்டார்.

பழைய றெக்கை:
ஏர்பஸ் ஏ380 கதைதான் இது. ஒரு விமானத்துக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் ஒயர். ஹாம்பர்க் பக்கம் கேட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளின் நான்காம் பதிப்பு, துலூஸ் பக்கம் ஐந்தாம் பதிப்பு. ஒயர் எட்டவில்லை, 2006ல் விமானத்தை ஒப்படைக்கும் தேதிகளே தள்ளிப்போயின. எல்லோருக்கும் ஒரே மென்பொருள், ஒரே பதிப்பு என்று அன்றே கிளவுடில் இருந்திருந்தால் தப்பித்திருப்பார்கள்.

ஆரஞ்சு கேபிள்:
நான் எழுதியதைப் படித்தீர்களா? எங்கள் எல்லோரிடமும் ஒரே பதிப்புதான் இருந்தது. கேபிள் அப்படியும் எட்டவில்லை. எங்கள் கிளவுட் நிறுவன வாசலோடு முடிந்துவிட்டது, கேபிள் அதைத் தாண்டியும் போக வேண்டியிருந்தது.

பழைய றெக்கை:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரைபடத்தில் தேதி இருந்திருக்குமே?

ஆரஞ்சு கேபிள்:
இருந்தது. மூலையில், எறும்பு அளவில். நான்தான் அந்த வார்ப்புருவைச் செய்தேன்.

மங்கல்:
எனக்கு வண்டி பற்றி அதிகம் தெரியாது. வீடியோவில் பெட்டி போடுகிற வேலை. இது கார், இது சைக்கிள், இது வேக வரம்புப் பலகை என்று. ஒரே படத்தை மூன்று ஊர்களில் மூன்று பேர் பார்ப்போம், இரண்டு பேர் ஒத்துப்போனால் அதுதான் விடை.

எங்களுக்கு வரும் முன்பே முகங்களையும் நம்பர் பிளேட்டையும் மங்கலாக்கிவிடுவார்கள். 2018ல் ஐரோப்பாவில் ஜிடிபிஆர் என்ற தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு அங்கே எடுத்த படத்தை அப்படியே வெளியே அனுப்ப முடியாது, நியாயம்தான். அந்த மங்கலாக்கும் மென்பொருள் சில சமயம் வேக வரம்புப் பலகையின் எண்ணையும் நம்பர் பிளேட் என்று நினைத்துப் பூசிவிடும். சிவப்பு வளையம் இருக்கும், உள்ளே சாம்பல் புகை.

"தெரியவில்லை" என்று போட ஒரு பொத்தான் உண்டு. அதை அதிகம் அமுக்கினால் மதிப்பெண் குறையும். நானோ அதற்கு முந்தைய படங்களைப் பார்த்திருந்தேன், அந்தச் சாலையில் 60தான். அதனால் 60 என்று போட்டேன். இன்னொருவரும் அப்படியே நினைத்திருப்பார் போலிருக்கிறது. ஒத்துப்போய்விட்டது.

பல மாதம் கழித்து ஒரு கூட்டத்தில், நாங்கள் பெட்டி போட்ட படங்களில் பயின்ற புதிய ஏஐ மாடலை ஓட்டிக் காட்டினார்கள். ஓர் ஓரத்தில் சேறு அடித்த பலகை, எண்ணே தெரியவில்லை. அதன் மேல் பச்சைப் பெட்டி வந்து விழுந்தது: 60. பாருங்கள், மனிதனுக்கே தெரியாததை இது படிக்கிறது என்று பெருமையாகச் சொன்னார்கள். நான் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் எழுத்தில் சொன்னேன், திருத்தினார்கள். ஆனாலும் அந்த ஒரு நாள்.

கறார்:
மங்கல், "தெரியவில்லை" பொத்தானுக்கு மதிப்பெண் குறைக்கிற நிர்வாகம்தான் இங்கே பிழை, நீங்கள் இல்லை. மங்கலாக்கிய இடங்களின் எல்லையைத் தனிக் கோப்பாக அனுப்பியிருந்தால், அந்த எல்லைக்குள் விழும் பலகைகளைப் பயிற்சியிலிருந்தே நீக்கியிருக்கலாம். இதையும் ஒப்பந்தத்தில்

சரி, நிறுத்துகிறேன்.

கைபிடித்தவன்:
மேலே எல்லோரும் திரையில் பார்த்திருக்கிறீர்கள். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். சோதனை ஓட்டுநர். வேலை நேரம் முழுக்க ஸ்டீயரிங்கை ஒட்டியும் ஒட்டாமலும் கை வைத்திருப்பதுதான் தொழில்.

மூடிய சோதனைத் தடம். வண்டியின் சில அளவுருக்களை, ஸ்டீயரிங் உதவி விசை உட்பட, தொலைவில் இருக்கிற பொறியாளர்கள் கிளவுட் வழியாக மாற்றலாம். ஒவ்வொரு முறையும் கேபிள் செருகி மாற்றினால் நாள் முழுக்கப் போய்விடும் என்று செய்த ஏற்பாடு, உண்மையிலேயே நேரம் மிச்சம். விதி ஒன்று: வண்டி நின்றிருந்தால் மட்டும் அனுப்ப வேண்டும்.

தடத்தின் பின்பகுதியில் மேடு ஒன்று, அங்கே சிக்னல் கிடைக்காது. நான் மேட்டுக்குப் பின்னால் போய் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் புறப்பட்டிருக்கிறேன். வண்டி கடைசியாகப் பேசியபோது நின்றிருந்தது, ஆகவே தொலைவில் இருந்த பொறியாளரின் டேஷ்போர்டில் நான் "நிற்கிறேன்". அது நாலு நிமிடம் பழைய நிலவரம் என்று எங்கும் போடவில்லை. அவர் ஸ்டீயரிங் மாற்றத்தை அனுப்பினார். வண்டிக்கு எட்டாததால் அது வரிசையில் காத்திருந்தது. நான் மேட்டைத் தாண்டி வளைவுக்குள் நுழைகிறேன், வேகம் 70. சிக்னல் வந்தது. அதுவும் வந்தது.

ஸ்டீயரிங்கின் கனம் போய்விட்டது. பூட்டிக்கொள்ளவில்லை, இழுக்கவில்லை, சும்மா லேசாகிவிட்டது. மாடிப்படியில் இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைக்கும்போது வருமே, அந்த மாதிரி. நான் கொடுத்த விசைக்கு வண்டி இரண்டு மடங்கு திரும்பியது. புல்வெளியில் இறங்கி நின்றோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அறிக்கையில் "சிறு விலகல்".

பதினெட்டு:
நாலு நிமிடம் பழைய தகவலைப் பச்சைப் புள்ளியாகக் காட்டினார்களா?

கைபிடித்தவன்:
ஆமாம். இப்போது பத்து விநாடி கடந்தால் சாம்பல் நிறமாகிவிடும். வரிசையில் காத்திருப்பதும் தானாகக் காலாவதி ஆகிவிடும்.

கறார்:
இதற்கு வண்டிகளின் மென்பொருள் புதுப்பிப்பு பற்றிய ஐநாவின் ஒழுங்குமுறை எண் 156 இருக்கிறது, 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஓடும்போது புதுப்பிப்பது பாதுகாப்பில்லை என்றால், அந்த நேரத்தில் வண்டியை ஓட்டவே முடியாதபடி செய்திருக்க வேண்டும். சட்டப்படியே இது...

கைபிடித்தவன்:
அது விற்பனைக்கு ஒப்புதல் வாங்குகிற வண்டிகளுக்கு, சார். என்னுடையது சோதனை வண்டி. அதற்கு விதி என்றால் நாங்கள் எங்களுக்கே எழுதிக்கொண்டதுதான்.

தடம்மாறி:
அனுப்பியவர் யார் என்று தெரிந்ததா?

கைபிடித்தவன்:
தெரிந்தது. லாகில் பெயர் இருந்தது. கண்டம் தாண்டி இருப்பவர், அதுவரை குரல்கூடக் கேட்டதில்லை. மூன்று மாதம் கழித்து வேறு வேலையாக வந்தவர், உங்கள் வண்டியில் ஒரு சுற்று வரலாமா என்று கேட்டார். பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மேட்டைத் தாண்டி அந்த வளைவு வந்தபோது மட்டும் அவர் கை தானாகப் போய் முன்பலகையைப் பிடித்துக்கொண்டது.