ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் பிள்ளைகள் நிகழ்ச்சி: நடத்தலாமா, நிறுத்தலாமா?

வைகைக்கரை வாசகி

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் சார்பில் ஞாயிறு காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி நடத்துகிறோம். கதை சொல்வோம், சேர்ந்து வாசிப்போம், விடுகதை, காகித மடிப்பு, மாதக் கடைசியில் ஓவியப் போட்டி. இப்போது போட்டித் தேர்வுக்குப் படிக்கும் சிலர், சத்தம் தாங்க முடியவில்லை, நிறுத்துங்கள் என்று மாவட்ட நூலக அலுவலருக்கு மனு கொடுத்துவிட்டார்கள். நூலகர் நல்ல மனிதர், யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் தவிக்கிறார். பதிலுக்கு நாங்களும் ஒரு மனு எழுதுகிறோம், அதில் என்னென்ன சேர்க்கலாம் என்று கேட்கத்தான் வந்தேன்.

என்னைப் பொறுத்தவரை நிறுத்துகிற பேச்சுக்கே இடமில்லை. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி ஊரில் சொத்து வரி கட்டுகிற ஒவ்வொருவரும் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். பிள்ளைகள் உள்ள வீடும் அதில் அடக்கம். ஆனால் எங்கள் கிளையில் பிள்ளைகளுக்கென்று இருப்பது ஒரே ஒரு பீரோ.

குரூப் 4 தேர்வர்

நான் வேறு ஊர். எங்கள் கிளையிலும் இதே பிரச்சினை என்பதால் சொல்கிறேன். எங்கள் வீடு ஒரே அறை, அம்மா தையல் மெஷின் ஓட்டுவார், தம்பி போனில் பாட்டுக் கேட்பான், அங்கே உட்கார்ந்து படிக்க வழியே இல்லை. தனியார் படிப்பகத்துக்கு மாதக் கட்டணம் கட்டும் நிலையில் நாங்கள் இல்லை, அதனால்தான் நூலகத்துக்கு வருகிறோம். என்னோடு படிக்கும் பாதிப் பேர் வாரம் முழுக்கக் கடையிலும் கம்பெனியிலும் வேலை பார்க்கிறவர்கள், அவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் முழு நாள். கூட்டு வட்டிக் கணக்கைப் பாதி போட்டிருக்கும்போது முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் "சிங்கம் என்ன பண்ணுச்சு?" என்று கத்தினால் அந்தக் கணக்கு முதலிலிருந்துதான். நூலகத் துறை முன்னோடி ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார் என்று மேடைக்கு மேடை பேசுகிறீர்கள், அதில் நான்காவது விதி வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. எங்கள் நேரம் நேரமில்லையா?

கதைசொல்லி அக்கா

தம்பி, உங்கள் கஷ்டம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அதே ரங்கநாதன் மூன்றாவதாக ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்றும் சொன்னார். 1931-இல் சொன்னது. பூட்டிய பீரோவில் இருக்கும் படக்கதைப் புத்தகத்துக்கு வாசகர் எங்கிருந்து வருவார்?

நாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் வேடிக்கை என்று நினைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கதையை முழுக்கச் சொல்ல மாட்டேன். யானை கிணற்றில் விழுந்த இடத்தில் நிறுத்திவிட்டு, மீதி இந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று அட்டையைக் காட்டி மேசையில் வைப்பேன். உடனே நாலு கை நீளும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு போகும், தெரியாத சொல் வந்தால் விரல் அங்கேயே நின்றுவிடும், பக்கத்தில் இருக்கிற பெரிய பிள்ளை சொல்லிக்கொடுக்கும். பள்ளிக்கூடத்தில் வாசிப்பு இயக்கத்துக்கென்று நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துப் புத்தகம் கொடுத்தார்களே, அதில் "நட"வில் நிற்கிற பிள்ளையை "ஓடு"வுக்குக் கொண்டுவருவது இந்த மாதிரி ஒரு மணி நேரம்தான். இதற்குச் சத்தம் வேண்டும். வாய்விட்டு வாசிக்காமல் வாசிக்கக் கற்ற பிள்ளை கிடையாது.

இன்னொன்றும் கேட்கிறேன். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் சொந்த கைடு, சொந்த நோட்டோடு வருகிறார்கள், நூலகத்துப் புத்தகம் ஒன்றையாவது எடுக்கிறார்களா?

குரூப் 4 தேர்வர்

எடுக்கிறோம் அக்கா. பழைய பாடப்புத்தகம், பொது அறிவு மாத இதழ், தினமும் நாளிதழ், எல்லாம் நூலகத்திலிருந்துதான் எடுக்கிறோம். மாவட்ட மைய நூலகங்களில் போட்டித் தேர்வுக்கென்று தனிப் பிரிவே அரசு வைத்திருக்கிறது, அப்படியானால் நாங்களும் வாசகர்கள்தானே? நாற்காலிக்கும் மின்விசிறிக்கும் வருகிறோம் என்ற மாதிரிப் பேசாதீர்கள். எங்கள் தெருவில் அரசு வேலைக்குப் போன முதல் ஆள் கிளை நூலகத்தில் படித்தவர்தான்.

ஓய்வுபெற்ற நூலகர்

இருவரும் சொல்வது சரிதான். ஆனால் இரண்டு பேருமே கட்டடத்துக்குள் இருக்கும் ஊழியரை மறந்துவிட்டீர்கள். கிளை நூலகத்தில் பெரும்பாலும் ஒரே ஆள். வருகைப் பதிவேடு, புத்தகம் கொடுத்து வாங்குவது, நாளிதழ் கோப்பு, உறுப்பினர் சேர்க்கை, பெருக்குவது வரை அவர்தான். தணிக்கையில் புத்தகம் குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பீரோ ஏன் பூட்டியிருக்கிறது என்றால் இந்தப் பயம்தான் காரணம், அவருக்குப் பிள்ளைகள் மேல் வெறுப்பு ஒன்றும் கிடையாது. கிழிந்த புத்தகத்தைக் கழிவு செய்யும் நடைமுறையை எளிதாக்கினால் பீரோ தானாகத் திறக்கும். மனுவில் முதலில் எழுத வேண்டியது இது.

இரண்டாவது, கதையும் வாசிப்பும் நூலகத்தின் வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஓவியப் போட்டி, மாறுவேடம், நடனம், கேரம் இதெல்லாம் எதற்கு? நவம்பர் 14-இல் தொடங்கும் நூலக வார விழாவில் இதைப் பல வருஷம் பார்த்தவன் நான். சான்றிதழ், படம் எடுப்பது, பிஸ்கட். பரிசு வாங்கிய பிள்ளை அடுத்த வாரம் வராது. பரிசு வாங்காத பிள்ளை அதற்கப்புறம் வரவே வராது.

இரு பிள்ளைகளின் அம்மா

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை, ஆனால் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். என் பெரியவளுக்குப் புத்தகம் என்றாலே பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் என்றாலே அடி என்று மனதில் பதிந்துவிட்டது. கதை என்று கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டாள். காகித மடிப்பு என்றதும் வந்தாள். கொக்கு செய்தாள், தவளை செய்தாள், அப்புறம் இன்னும் என்னென்ன செய்யலாம் என்று அந்தப் பீரோவில் தேடி மடிப்பு பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்தாள். அவள் விரும்பி எடுத்த முதல் புத்தகம் அதுதான். எல்லாப் பிள்ளையும் ஒரே வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்றால் என் மகள் வெளியேதான் நின்றிருப்பாள்.

உட்லண்ட்ஸ்வாசி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே 2004-இலிருந்து தேசிய நூலக வாரியம் கிட்ஸ்ரீட் என்று ஒரு திட்டம் நடத்துகிறது, வசதி குறைந்த குடும்பத்துச் சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டூழியர்கள் வாசித்துக் காட்டுவார்கள். நூலகத்தில் சிறுவர் பகுதி தனியாக இருக்கும், அங்கே பிள்ளைகள் பேசினால் யாரும் முறைக்க மாட்டார்கள். படிக்கிற மாணவர்களுக்கு வேறு இடம். இடத்தைப் பிரித்துவிட்டால் சண்டையே வராது.

குரூப் 4 தேர்வர்

தனிப் பகுதி இருந்தால் தேர்வர்கள் ஏன் மனு போடப் போகிறார்கள்? இங்கேயும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கு முதல் தளமே ஒதுக்கியிருக்கிறார்கள், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் பெரிய சிறுவர் பகுதி இருக்கிறது, போய்ப் பார்த்து வியந்து வந்தேன். ஆனால் எங்கள் கிளை ஒரே கூடம். நடுவில் திரை கட்டினால் சத்தம் நிற்காது.

கதைசொல்லி அக்கா

பெரிய நூலகத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. அண்ணா நூலகத்தை 2011-இல் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அறிவித்தார்கள், வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத் தடை வாங்கித்தான் அது நின்றது. அன்றைக்கு எழுத்தாளர், மாணவர், பெற்றோர் எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள். இன்றைக்கு ஒரு கூடத்துக்காக நாம் எதிரெதிர் மனு எழுதுகிறோம். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. இரண்டு மனுவும் அலுவலர் மேசைக்குப் போனால், பிரச்சினை வேண்டாம் என்று நிகழ்ச்சியையும் நிறுத்துவார், கூடுதல் மேசையும் தர மாட்டார்.

வைகைக்கரை வாசகி

அக்கா சொன்னது சரி. ஒரே மனுவாகவே எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. மாடியில் ஓர் அறை கட்டித் தரச் சொல்லலாம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியில் கேட்கலாம். அறை வரும் வரை ஞாயிறு ஒன்றரை மணி நேரம் எங்களுக்கு, அதற்கு ஈடாக மாலையில் கூடுதல் நேரம் திறந்து வைக்கச் சொல்லி உங்களுக்காக நாங்களே கேட்கிறோம். கூடுதல் நேரத்துக்கு ஆளும் கேட்க வேண்டும், நூலகர் தலையில் கட்டக் கூடாது. வாசகர் வட்டத்திலிருந்து இரண்டு பேர் புத்தகக் கணக்குப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுக்கவும் தயார்.

ஓய்வுபெற்ற நூலகர்

தொண்டர்கள் கணக்குப் பார்ப்பது காகிதத்தில் நன்றாக இருக்கும், தணிக்கைக்கு நிற்காது. பொறுப்பு ஊழியருடையதுதான். அதனால் கழிவு நடைமுறை பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். மனுவின் நகல் மாவட்ட நூலக ஆணைக்குழுத் தலைவருக்கும் போகட்டும். மடிப்பு பற்றி அந்த அம்மா சொன்னது சரி, கையில் செய்து பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குப் போகிற வேலை அது, இருக்கட்டும். ஓவியப் போட்டிக்கு என் கையெழுத்துக் கிடைக்காது.

இரு பிள்ளைகளின் அம்மா

பரிசை எடுத்துவிடலாம் ஐயா, வரைவதை எடுக்க மாட்டோம்.

குரூப் 4 தேர்வர்

மாலை நேர நீட்டிப்பு என்றால் பேசலாம். எங்கள் ஊரிலும் இதே மாதிரி ஒரு மனு எழுதச் சொல்லி நண்பர்களிடம் கேட்கிறேன், எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள் என்று உறுதி தர முடியாது. இரண்டு விஷயம் மட்டும் தனி வரியாக எழுதுங்கள். ஒன்று, மைக் கூடாது. போன மாதம் எங்கள் கிளையில் இருபது பிள்ளைகளுக்கு ஒலிபெருக்கி வைத்தார்கள், அதற்கு அவசியமே இல்லை. இரண்டு, தேர்வுக்கு முந்தைய நான்கு ஞாயிறும் நிகழ்ச்சி கிடையாது.

கதைசொல்லி அக்கா

மைக் வேண்டாம், சம்மதம். நான்கு ஞாயிறு விட்டால் பிள்ளைகள் வருவதை மறந்துவிடுவார்கள் தம்பி, அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த மாதம் மட்டும் பத்தரைக்குப் பதில் ஒன்பதுக்கே ஆரம்பித்துப் பத்துக்குள் முடித்துக்கொள்கிறோம். நூலகர் சீக்கிரம் திறக்கச் சம்மதிப்பாரா என்று வாசகி கேட்டுச் சொல்லட்டும்.

வைகைக்கரை வாசகி

கேட்டுச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை எங்கள் கிளைக்கு விடுமுறை, அன்றைக்கு அவரை வீட்டில் பார்த்துப் பேச முடியும். வரைவை சனிக்கிழமை இங்கே போடுகிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.