பட்டியாலாவில் இருந்தவர்கள், போய் வந்தவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தடகளம் திருச்சி:

பஞ்சாபில் இருக்கிற பட்டியாலா என்றால் நம்மூரில் பெக் ஞாபகம் வரும், அடுத்து சல்வார். இரண்டும் அந்த ஊர்ச் சரக்குதான், மறுக்கவில்லை. ஆனால் விளையாட்டுத் துறையில் இருக்கிற எங்களுக்குப் பட்டியாலா என்றால் என்ஐஎஸ், தேசிய விளையாட்டு நிறுவனம். பயிற்சியாளர் டிப்ளமோ படிக்கத் தமிழ்நாட்டிலிருந்து பல காலமாக ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள், நானும் அப்படிப் போனவன்தான். அந்த ஊரைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. அது ஒரு குறையாகவே இருந்தது, அதனால் நானே தொடங்குகிறேன். அங்கே இருந்தவர்கள் தொடருங்கள்.

முதலில் அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். என்ஐஎஸ் இருப்பது மோதிபாக் அரண்மனையில். 1840களில் மகாராஜா நரிந்தர் சிங் கட்ட ஆரம்பித்தது, பின்னால் வந்தவர்கள் பெரிதாக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். 1961இல் அங்கே விளையாட்டு நிறுவனம் வந்தது. ராஜா வீட்டுத் தாழ்வாரத்தில் இன்று குத்துச்சண்டைக்காரர்களும் பளுதூக்குகிறவர்களும் டிராக் சூட்டோடு நடக்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய மீராபாய் சானு பயிற்சி எடுத்தது அங்கேதான். நம்ம வேலூர் சதீஷ் சிவலிங்கமும் அந்த முகாமில் இருந்தவர். கிராமத்தில் மண் தரையில் ஓடிப் பழகிய பிள்ளை ஒருநாள் அந்த வாசல் வழியாக உள்ளே நுழைவான் பாருங்கள், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும். அரண்மனையை இதைவிட நல்ல காரியத்துக்குப் பயன்படுத்த முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளேயே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. காமா பயில்வான் பஸ்கி எடுக்கும்போது கழுத்தில் மாட்டிக்கொண்ட வளையம் அங்கே வைத்திருக்கிறார்கள், எடை 95 கிலோ. நடுவில் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து எழுந்தார் என்று சொல்கிறார்கள். எண்ணிக்கையை விடுங்கள், ஒரு முறை ஒழுங்காக உட்கார்ந்து எழுந்தாலே அடிமுதுகும் முட்டியும் என்ன பாடுபடும் என்று பயிற்சி கொடுக்கிறவனுக்குத் தெரியும். நான் அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். 1910இல் லண்டனில் போலந்துக்காரர் ஸ்பிஷ்கோவோடு காமா மோதினார். ஸ்பிஷ்கோ விரிப்போடு ஒட்டிப் படுத்துக்கொண்டு மணிக்கணக்கில் இழுத்தடித்துவிட்டார், ஆட்டம் முடிவில்லாமல் போனது. அதே இருவரும் 1928இல் பட்டியாலாவில் மறுபடி மோதினார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, காமா முடித்துவிட்டார். அவரை ஆதரித்தது பட்டியாலா அரண்மனை. ஊர்ப் பெரியவர்கள் அந்தக் குஸ்தியைத் தாங்களே நேரில் பார்த்த மாதிரி சொல்வார்கள், அவர்களுடைய தாத்தாக்கள் பார்த்திருப்பார்கள்!

என் அறைத்தோழர் சங்ரூர் பக்கத்துச் சர்தார், ஹாக்கி படிக்க வந்தவர். காலையில் கதவைத் தட்டி "வீர்ஜி, ஒரு நிமிஷம்" என்பார். எதற்கு என்றால் பாகடி, அதாவது தலைப்பாகைத் துணியின் இன்னொரு நுனியைப் பிடிக்க. மெல்லிய துணி, அறைக்குள் விரித்தால் நீளம் கொள்ளாது, அதனால் தாழ்வாரத்துக்கு வந்துவிடுவோம். அவர் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். இருவரும் விறைப்பாக இழுத்துப் பிடித்து மூலைவாக்கில் மடித்து, மறுபடி இழுத்து, மறுபடி மடித்து, கடைசியில் நான்கு விரல் அகலத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் மடிப்பு கெட்டுவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்புறம் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று அவர் சுற்றுவதைப் பார்க்க வேண்டும், அடுக்கு அடுக்காக ஏறும். பட்டியாலா ஷாஹி என்று பெயர். அரண்மனைக்காரர்கள் கட்டிய கட்டு, இன்று பஞ்சாப் முழுக்கக் கல்யாண மாப்பிள்ளையிலிருந்து கல்லூரிப் பையன் வரை கட்டுகிறார்கள். சல்வாரும் அப்படித்தான். அரண்மனையில் ஆரம்பித்து எல்லார் வீட்டுக்கும் போய்விட்டது. பட்டியாலாவின் குணமே இதுதான் என்று எனக்குப் படுகிறது. ராஜாக்கள் தங்களுக்கென்று ஆசைப்பட்டு வைத்துக்கொண்டதெல்லாம் கடைசியில் ஊர் ஜனங்கள் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பழைய நகரத்துக்குக் கிளம்பிவிடுவோம். ஊரே கிலா முபாரக் கோட்டையைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது. 1763இல் பாபா ஆலா சிங் அஸ்திவாரம் போட்டார். முதலில் மண்கோட்டை, பிறகு செங்கல். பேரே அவரிடமிருந்து வந்ததுதான், ஆலாவின் பட்டி. சுற்றிலும் பத்து வாசல்கள் இருந்த நகரம். இன்றைக்கு வாசல் இல்லாத இடத்தில்கூட ஆட்டோக்காரரிடம் சுனாமி கேட், லாஹோரி கேட், ஷேரன்வாலா கேட் என்றால் போதும், கொண்டுபோய் விடுவார். கோட்டை வாசலில் நின்று மெல்லிய பழைய செங்கல்லைத் தொட்டுப் பார்த்தால் பொடி உதிர்கிறது. சில பகுதிகளைச் சரிசெய்திருக்கிறார்கள், சில பகுதிகள் அப்படியே விழுந்துகொண்டிருந்தன. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

கோட்டைக்கு எதிரில் சந்தில் ஒரு ஜுத்திக் கடை, ஜுத்தி என்பது பஞ்சாபித் தோல் செருப்பு. எழுபது வயதுக்காரர் ஒருவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். ஜுத்தியில் இடது வலது கிடையாது, இரண்டும் ஒரே அச்சு. "கடுகெண்ணெய் தடவுங்க, காலை மாத்தி மாத்திப் போடுங்க, ஒரு வாரத்துல அதுவே உங்க காலைத் தெரிஞ்சுக்கும்" என்றார். எந்த ஊர் ஜி என்று கேட்டபோது பஹாவல்பூர் என்று சொன்னார். அவர் பிறந்தது பட்டியாலாவில்தான், அப்பா வந்தது அங்கிருந்து. 1947 பிரிவினையில், இப்போது பாகிஸ்தானில் இருக்கிற பஹாவல்பூரிலிருந்து கிளம்பிய குடும்பங்கள் ராஜ்புராவிலும் பட்டியாலாவின் திரிபுரியிலும் குடியேறின. பஹாவல்பூரைக் கண்ணால் பார்க்காதவர் அதைத் தன் ஊர் என்கிறார், எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார், குடித்தோம்.

அந்த வருஷம் இங்கிருந்து போனவர்களும் உண்டு. பட்டியாலா சமஸ்தானத்தில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், உயிர் தப்பியவர்கள் எல்லை தாண்டினார்கள். இதை அந்த ஊரில் யாரும் தானாகப் பேசுவதில்லை. காமா கடைசிக் காலத்தை லாகூரில் கழித்து 1960இல் அங்கேயே இறந்தார். பாட்டும் போய்விட்டது. பட்டியாலா கரானாவை, அதாவது இந்த ஊர் பேரில் இருக்கிற இந்துஸ்தானி இசை மரபை, வளர்த்த அலி பக்ஷ், ஃபதே அலி இருவரும் இந்தத் தர்பாரில் இருந்தவர்கள். அலி பக்ஷின் பேரன்கள் அமானத் அலி, ஃபதே அலி சகோதரர்கள் லாகூர்ப் பாடகர்களாகிவிட்டார்கள். அதே கரானாவின் படே குலாம் அலி கான் பிறந்தது கசூரில், இறந்தது ஹைதராபாத்தில். பேர் மட்டும் பட்டியாலா. ஊருக்குள் அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் என்று விசாரித்துத் திரிந்தேன், ஒரு மளிகைக் கடைக்காரர் தன் செல்போனில் படே குலாம் அலியின் தும்ரி ஒன்றைப் போட்டுக் காட்டினார்.

மகாராஜா பூபிந்தர் சிங் பற்றி ஒரு வார்த்தை. 1911இல் இங்கிலாந்து போன இந்திய கிரிக்கெட் அணிக்குத் தலைவர், ரஞ்சி கோப்பையைக் கொடுத்தவர், பாரிஸ் கார்ட்டியேயில் வைர மாலை செய்து வாங்கியவர். இதையெல்லாம் வியந்து எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அவருடைய ஆட்சியை எதிர்த்துப் பிரஜா மண்டல் என்ற மக்கள் இயக்கத்தை நடத்திய சேவா சிங் டீக்ரிவாலா 1935 ஜனவரியில் பட்டியாலா சிறையில் உண்ணாவிரதம் இருந்து உயிரை விட்டார். அவர் பேரில் ஒரு சௌக் ஊருக்குள் இருக்கிறது. பட்டியாலா போகிறவர்கள் அந்த மாலையைப் பற்றிப் பேசும்போது இவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ரயில்வே குடும்பம்:

சார், படித்ததும் கை பரபரக்கிறது. என் வீட்டுக்காரருக்கு டீசல் இன்ஜின் பட்டறையில் வேலை, இப்போது பட்டியாலா லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். குவார்ட்டர்ஸில் நாலு மொழிக்காரர்கள் இருந்தோம். பஞ்சாபின் மற்ற ஊர்கள் மாதிரி ஓட்டமும் சாட்டமும் பட்டியாலாவில் கிடையாது. லூதியானாவில் யாரைப் பார்த்தாலும் வியாபாரம் பேசுவார்கள், பட்டியாலாவில் ஆபீஸ் முடிந்து பாராதரி தோட்டத்தில் நிதானமாக நடப்பார்கள். 1948இலிருந்து 1956 வரை பெப்சு (பட்டியாலாவும் கிழக்குப் பஞ்சாப் சமஸ்தானங்களும் சேர்ந்தது) மாநிலத்துக்குத் தலைநகராக இருந்த ஊர், அந்த ஆபீஸ்கார நிதானம் இன்னும் போகவில்லை.

ரயில் என்றதால் இதையும் சொல்ல வேண்டும். 1907இல் பட்டியாலா சமஸ்தானத்தில் ஒற்றைத் தண்டவாள ரயில் ஓடியிருக்கிறது. பாரம் கிட்டத்தட்ட முழுக்க ஒரே தண்டவாளத்தில், சாய்ந்துவிடாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம், அது ரோட்டிலேயே உருளும். பெரும்பாலும் கோவேறு கழுதைதான் இழுத்தது, ஜெர்மன் நீராவி இன்ஜின்களும் வாங்கியிருந்தார்கள். லாரியும் பஸ்ஸும் வந்தபிறகு 1927வாக்கில் நின்றுபோனது. ஒரு இன்ஜினைச் சரிசெய்து டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பட்டறையில் வேலை பார்த்தவர்களிலேயே பலருக்கு இது தெரியாது, என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி ஆள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்.

இன்னொரு விஷயம், பக்கத்து வீட்டுப் பெரியம்மா, பீஜி என்று கூப்பிடுவோம். 1993 வெள்ளத்தில் மூன்று நாள் மொட்டை மாடியில் இருந்தார்களாம். அதிலிருந்து ஜூலை மாதம் மழை கொஞ்சம் ஓங்கினால் அரிசி, மாவு, கேஸ் அடுப்பு எல்லாம் மாடிக்கு ஏறிவிடும். நாங்கள் புதிதாக வந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்து எங்கள் மூட்டையையும் அவரே ஏற்ற வைத்தார். எனக்குப் பஞ்சாபி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. மக்கி (மக்காச்சோள) ரொட்டியை உள்ளங்கையில் தட்டக் கற்றுக்கொடுத்தது அவர்தான், மாவு விரிந்து விரிந்து போகும், சுடுதண்ணீர் விட்டுப் பிசை என்று கையைப் பிடித்துக் காட்டினார். எனக்கு அம்மா மாதிரி.

மதுரை மல்லி:

அண்ணா, அக்கா, நான் பஞ்சாபிப் பல்கலைக்கழகத்தில் படித்தவள். டிசம்பர் ஜனவரிப் பனியைப் பற்றி நீங்கள் இருவருமே சொல்லவில்லையே! காலை பத்து மணிக்கும் எதிர் ஹாஸ்டல் தெரியாது, ரயில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு தடவை பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பி ராஜ்புரா ஸ்டேஷனில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். குளிர்காய மூட்டிய நெருப்புப் பக்கத்தில் இடம் கொடுத்து, தங்கள் பெண்ணைப் பார்த்துக்கொள்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டது ஒரு சர்தார் குடும்பம்.

பணம் குறைகிற மாதக் கடைசியில் துக் நிவாரண் சாகிப் குருத்வாராவின் லங்கர், அந்த இலவசச் சாப்பாடுதான் எங்களுக்கு. பஞ்சமி அன்று கூட்டம் தாங்காது. யாரும் பேர், ஊர் கேட்டதில்லை. சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவ உட்கார்ந்தால் பக்கத்தில் கார் வைத்திருக்கிற அம்மாவும் கழுவிக்கொண்டிருப்பார். மால் ரோட்டில் காளி கோயிலுக்கும் போவோம். பூபிந்தர் சிங் கட்டியது, வங்காளத்திலிருந்து சிலை கொண்டுவந்தாராம். மதுபாட்டில் படைக்கிறவர்களைப் பார்த்து முதலில் திகைத்தேன், பிறகு நம்ம ஊர்க் கருப்பசாமி ஞாபகம் வந்து சரி என்று கும்பிட்டேன்.

ஷீஷ் மஹால் யாராவது போனீர்களா? நான் இருந்தபோது உள்ளே வேலை நடந்ததால் பாதி பூட்டியிருந்தது, ஏரிமேல் தொங்குபாலம் மட்டும் பார்த்தேன்.

தடகளம் திருச்சி:

மல்லி, பார்த்தேன் அம்மா. காங்ரா, ராஜஸ்தான் ஓவியர்களை வைத்து நரிந்தர் சிங் சுவர் முழுக்க கீத கோவிந்தக் காட்சிகளை வரையச் செய்திருக்கிறார், அதற்காகவே போகலாம். பதக்கக் காட்சியகமும் அங்கேதான், பூபிந்தர் சிங் பல நாடுகளிலிருந்து சேர்த்தது, 3,000க்கும் மேல். எந்தப் பகுதி எப்போது திறந்திருக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது, கேட்டுக்கொண்டு போங்கள். புதிதாகப் போகிறவர்களுக்கு: பிப்ரவரி கடைசியில் போங்கள், பனியும் விலகியிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. சண்டிகரிலிருந்து பஸ் அடிக்கடி உண்டு. கோட்டைப் பக்கம் காரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அதாலத் பஜாரில் திரும்ப இடமில்லை, நடந்தே சுற்றுங்கள். சங்ரூர் சர்தார்கள் யாராவது தாழ்வாரத்தில் துணியை நீட்டினால் இறுக்கமாகப் பிடியுங்கள். அடுத்து யார், ராணுவக் குடியிருப்பில் இருந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது.