கண் அழுத்தம் 14தான், ஆனாலும் அம்மாவுக்குப் பார்வை குறைகிறதே?

எமரால்டிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வயது 66, முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். கிளாக்கோமாவும் (கண் நரம்பு கெட்டுப் பார்வை குறையும் நோய்) ரத்தப் பிரஷரும் உண்டு. கண் அழுத்தத்துக்கு டிமோலால் சொட்டு, பிரஷருக்கு அம்லோடிபின் மாத்திரை, இரண்டும் படுக்கப் போகும்போதுதான். கண் அழுத்தம் எப்போது பார்த்தாலும் 14, 15. ஆனால் பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்டில், பார்வை போன இடத்தைக் காட்டும் கறுப்பு போன வருஷத்தைவிடப் பரவியிருக்கிறது. எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் மூன்று படி. கடைசிப் படியைக் காலால் தடவித்தான் இறங்குகிறார். ஜனவரி உறைபனியில் பிரஷர் 168க்கு ஏறியதும் மாத்திரையை 5லிருந்து 10 மில்லிகிராம் ஆக்கினார்கள். அதற்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இருக்குமா?

குன்னூர் அக்கா:
இருக்கலாம் தம்பி. கண் வார்டில் இருபது வருஷம் நர்ஸாக இருந்தேன். ரத்தம் கண் அழுத்தத்தை மீறித்தான் கண் நரம்புக்குள் போக வேண்டும். கீழ் பிரஷர் (இரண்டாவது எண்) 80, கண்ணில் 15 என்றால் மிச்சம் 65. இந்த மிச்சம் குறைந்தவர்களிடம் கிளாக்கோமா அதிகம் என்று 1995ல் வெளியான பால்டிமோர் ஆய்வு காட்டியது. பிரஷர் இறங்கினால் நரம்பின் சிறு குழாய்கள் விரிந்து கொடுத்து ஓட்டத்தைச் சமாளிக்கும். பல வருஷம் பிரஷர் இருந்தால் குழாய்ச் சுவர் தடித்து, விரிய வேண்டிய நேரத்தில் விரியாது. கிளாக்கோமாக்காரர்கள் பலருக்கு இந்தச் சமாளிப்பே பலவீனம். தூக்கத்தில் பெரும்பாலோருக்குப் பிரஷர் இறங்கும். ராத்திரி மாத்திரையும் சேர்ந்தால் நரம்பு ரத்தம் போதாமல் பட்டினி கிடக்கலாம். டிமோலாலும் ரத்தத்தில் கலந்து நாடித்துடிப்பைக் குறைக்கும். அது மூக்கு வழியாக ரத்தத்துக்குப் போவதைக் குறைக்க, சொட்டு விட்டதும் மூக்கோரக் கண் மூலையை இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். 24 மணி நேர பிரஷர் கருவி கட்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கொடைக்கானல்காரர்:
என் அப்பாவுக்கும் இதேதான். குளிரில் குழாய் சுருங்கிப் பிரஷர் ஏறும், டோஸை ஏற்றுவார்கள். சித்திரை வந்தும் யாரும் குறைக்கவில்லை. காலையில் எழுந்ததும் தலை சுற்றுகிறது என்பார்; வயசு என்று விட்டுவிட்டோம். அம்மாவுக்குத் தலைசுற்றல் உண்டா?

கேட்டவர்:
உண்டு அண்ணா. விடிகாலையில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். நேற்று ராத்திரி இரண்டரை மணிக்கு, அவர் புரண்டு படுத்த நேரம் பார்த்து வீட்டு மெஷினில் எடுத்தேன்: 96/52. அக்கா சொன்னபடி கழித்தால் மிச்சம் 37தான். மாலை ஆறு மணிக்கு 138/82 இருந்தது. கண் டாக்டருக்கு மாத்திரை நேரம் தெரியாது, பிரஷர் டாக்டருக்குச் சொட்டு விவரம் தெரியாது. இரண்டு சீட்டையும் ஒரே கவரில் போட்டுவிட்டேன். நாளை முதல் பஸ்ஸில் ஊட்டிக்குக் கூட்டிப் போகிறேன்.