டோக்கன் மணிக்குப் பயப்படும் பையனோடு ஆபீசுக்குப் போவது எப்படி?

செங்கோட்டை அம்மா:
மகனுக்கு 9 வயது, ஆட்டிசம். போன வாரம் ஒரு சான்றிதழுக்காக அவனோடு ஓர் அலுவலகம் போனேன். டோக்கன் மணி அடிக்க அடிக்க இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் புகுந்துவிட்டான். தலைக்கு மேலே டியூப்லைட் வேறு விட்டுவிட்டு எரிந்தது. "பிள்ளை வளர்க்கத் தெரியலையா?" என்றார் வரிசையில் ஒருவர். திங்கட்கிழமை மறுபடி போகணும். என்ன செய்யலாம்?

புளியரைக்காரன்:
அக்கா, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. நியாயமான வசதி செய்துதர மறுத்தால் அதையே பாகுபாடு என்கிறது அந்தச் சட்டம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் காட்டி, முதலில் விடச் சொல்லிக் கேளுங்கள். கெஞ்ச வேண்டாம்.

தென்மலை டீச்சர்:
சட்டம் சரி, பையனுக்கு மணிச் சத்தம்தானே பிரச்சினை? முந்தின நாளே தனியாகப் போய், அனுமதி கேட்டுவிட்டு, வாசல், படி, கவுண்டர் எல்லாம் போனில் படம் எடுத்து அதே வரிசையில் அவனுக்குக் காட்டுங்கள். என் மாணவன் ஒருவன் அப்படித்தான் புனலூரில் ரயில் ஏறினான். முறை வரும்வரை வெளியே மரத்தடியில் நிற்கட்டும், ஆள் வந்து கூப்பிடட்டும்.

செங்கோட்டை அம்மா:
மரத்தடி நல்ல யோசனை டீச்சர், வேப்பமரம் இருக்கிறது. டியூப்லைட்டை மாற்றச் சொல்லி மனுவும் எழுதிவிட்டேன். ஒரு ஸ்டார்ட்டர் போட இவ்வளவு நாளா!