பெரிமெனோபாஸ்: ‘ஓய்பருவம்’ எனலாமா?

நண்பர்களே, வணக்கம்.

மாதவிடாய் முறை தவறித் தவறி நிற்கிற சில ஆண்டுகளைப் பெரிமெனோபாஸ் என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘மாதவிடாய் நிறுத்த முன்காலம்’ என்று வைக்கலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. இடிப்பது ‘முன்’தான். கடைசி மாதவிடாய்க்குப் பிறகு 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று மருத்துவர் சொல்வார். அந்த 12 மாதமும் பெரிமெனோபாஸில் சேரும். முன்னும் உண்டு, பின்னும் உண்டு. ‘நிறுத்த’மும் பொருந்தாது, யாரும் நிறுத்துவதில்லை, தானாகத்தான் நிற்கிறது.

தருமபுரிப் பக்கம் “தீட்டு நிக்கிற வயசு” என்பார்கள். அதற்குமேல் பேச்சு நகராது. பாலக்கோட்டில் தக்காளி பறிக்கப் போகும் அக்கா ஒருவருக்கு 46 வயது. இரண்டு மாதம் வராது; வந்தால் பத்து நாளானாலும் நிற்காது. ராத்திரியில் நெஞ்சிலிருந்து கழுத்துக்குச் சூடு ஏறி ரவிக்கை நனைந்துவிடும். உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறி இறங்குவதால் இப்படி ஆகலாம், சில ஆண்டுகள் நீடிக்கலாம் என்று அவரிடம் யாரும் சொன்னதே இல்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தேவலை என்ற அளவுக்கு வந்துவிட்டார்.

‘ஓய்பருவம்’ என்று வைக்கலாம். மழை விட்டு விட்டுப் பெய்துதானே ஓய்கிறது. வினைத்தொகை என்பதால் ஓய்ந்த, ஓய்கின்ற, ஓயும் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். முன்னா பின்னா என்ற சிக்கலே இல்லை. மாதவிடாய் முழுதாக நின்றுவிடுவதைக் குறிக்கும் மெனோபாஸ் ‘மாதவிடாய் ஓய்வு’ ஆகும்.

*

அக்கா, சொல் நன்றாக இருக்கிறது. ஊத்தங்கரையில் பெண்களிடம் பேசுகிறவள் என்பதால் ஒரு தயக்கம். ‘ஓய்’ என்றதும் இனிக் கரு தங்காது என்று நினைத்துவிடுவார்கள். தங்க வாய்ப்பு உண்டு. அப்புறம், அதிகமாகப் போவதையும் ‘இந்த வயசில் அப்படித்தான்’ என்று விட்டுவிடுவார்கள். ரத்தம் குறைந்து, படியேறினாலே மூச்சு வாங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

*

சரிதான் தங்கச்சி. பெயரோடு விளக்கத்தையும் சேர்த்தே அச்சிடுவோம்:

மாதவிடாய் ஓய்பருவம்: மாதவிடாய் முறை தவறத் தொடங்கியதிலிருந்து, கடைசி மாதவிடாய்க்குப் பின் 12 மாதம் முடியும்வரை உள்ள காலம். பெரும்பாலும் நாற்பதுகளில் வரும். கரு தங்கக்கூடும். ரத்தம் அதிகமாகப் போனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்க்கவும். அந்த 12 மாதம் முடிந்தபின் ஒரு துளி பட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்டவும்.