அஸ்கொட்டின் ஐந்து ஃபர்லாங்: உங்களுக்கு மறக்காத ஓட்டம் எது?

வெள்ளவத்தையில் இருந்து:

ஜூனில் இங்கிலாந்தின் றோயல் அஸ்கொட் குதிரைப் பந்தய விழா தொடங்கும் செவ்வாய்க்கிழமை நடக்கிற கிங்ஸ் ஸ்டாண்ட் ஓட்டத்தை இங்கே யார் யார் பார்க்கிறீர்கள்? 2024இல் இருந்து மன்னர் மூன்றாம் சார்ள்ஸின் பெயரில் நடக்கிறது, எனக்கு வாயில் வருவது பழைய பெயர்தான். ஐந்து ஃபர்லாங், அதாவது ஆயிரம் மீற்றருக்குச் சற்றுக் கூடிய நேர்ப்பாதை. வளைவே இல்லை. நல்ல தரையென்றால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

நான் சொல்வது 2022 ஓட்டம். நம் ஊரில் இரவு எட்டு மணி தாண்டியிருந்தது. பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டு, முன்னால் நின்ற அண்ணரின் போனில் பார்த்தேன். அமெரிக்காவின் கோல்டன் பால் வெடித்துக் கிளம்பும் என்று எல்லாரும் காத்திருக்க, கதவு திறந்தபோதே அது பின்தங்கிவிட்டது. அதோடு அதன் கதை முடிந்தது. அவுஸ்திரேலியாவின் நேச்சர் ஸ்ட்ரிப் நாலரைக் குதிரை நீள இடைவெளியில் வென்றது. நீண்ட ஓட்டமென்றால் குதிரையை ஓட்டும் ஜொக்கி பொறுத்திருந்து பிழையைத் திருத்தலாம், இதில் அதற்கு நேரமே இல்லை. எனக்கு இந்த ஓட்டம் பிடித்ததே அதனால்தான்.

கொட்டாஞ்சேனையில் இருந்து:

அண்ணா, 2003ஐ விட்டுவிட்டீர்களே! எங்கள் பக்கத்தில் பந்தயம் கட்டும் புக்கிக் கடையில் மாமா ரேஸ் பேப்பரோடு நிற்பார், நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவுஸ்திரேலியாவில் இருந்து ஷ்வாஸீர் என்று ஒரு குதிரை வந்திருந்தது. அதுவரை அந்த நாட்டுப் பயிற்சியாளர் எவரும் றோயல் அஸ்கொட்டில் வென்றதில்லை. செவ்வாய் இதை வென்று, அதே சனிக்கிழமை ஆறு ஃபர்லாங் கோல்டன் ஜூபிலியையும் வென்றது. அப்புறம் 2006இல் டேக்ஓவர் டார்கெட், 2007இல் மிஸ் ஆண்ட்ரெட்டி, 2009இல் சீனிக் பிளாஸ்ட் என்று வரிசையாக அவுஸ்திரேலியக் குதிரைகள்தான். 2012இல் ஹொங்கொங்கின் லிட்டில் பிரிட்ஜ். 1988இல் இரண்டாம் தரத்துக்கு இறக்கப்பட்ட ஓட்டம் 2008இல் மறுபடி முதல் தரமான குரூப் 1 ஆனது. கடல் தாண்டி வந்த இந்தக் குதிரைகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

கறுவாத்தோட்டம் பக்கம் இருந்து:

தம்பிமார், ஓட்டம் பிறந்த கதையைச் சொல்லாமல் விடலாமா? 1860இல் அஸ்கொட்டில் அடைமழை. இரண்டு மைல் ஓட வேண்டிய றோயல் ஸ்டாண்ட் பிளேட்டுக்குத் தரை சரியில்லை. ஓடக்கூடிய ஐந்து ஃபர்லாங்கில் மட்டும் நடத்தினார்கள். அந்தச் சுருங்கிய ஓட்டம் அப்படியே குயின்ஸ் ஸ்டாண்ட் பிளேட் என்று நிலைத்துவிட்டது. விக்டோரியா மகாராணி இறந்து எட்வேர்ட் மன்னரானபோது, 1901இல், கிங்ஸ் ஸ்டாண்ட் ஆனது.

இதை எனக்குச் சொன்னவர் அப்பா. கொழும்பு றீட் அவெனியூ ரேஸ் கோர்ஸில் அவர் பார்த்த காலம் 1950களோடு போய்விட்டது. 1893இல் திறந்த இடம் அது, அதற்கு முன் குதிரைகள் ஓடியது காலிமுகத்திடலில். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரர் குண்டு போட வந்தபோது அந்தப் புல்தரையில் இருந்துதான் ஹரிகேன் விமானங்கள் கிளம்பின. இன்று அங்கே றக்பி விளையாடுகிறார்கள்.

குதிரை ஓடுவதை நேரில் பார்க்க ஆசையென்றால் ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போங்கள். மேடையில் உட்காராமல் வேலியோரம் நில்லுங்கள் தம்பி, குளம்புச் சத்தம் காலுக்குக் கீழே தரையில் தெரியும். போனில் அது வராது.