விக்கிக் கட்டுரை: எங்கே கை வைப்பது?

மீன்கொத்தி பற்றி விக்கியில் எழுதியிருக்கேன். தகவல் எல்லாம் இருக்கு, ஆனா படிக்க ஓடவே மாட்டேங்குது. "இயற்கை அன்னையின் அரிய கொடைகளில்..." என்று தொடக்கம். எதை மாத்தலாம்?

பதில் 1
முதல்ல அந்த வரியை எடுத்துடுங்க. "மீன்கொத்தி என்பது நீண்ட, கூரிய அலகு கொண்ட பறவைக் குடும்பம்" என்று நேரா ஆரம்பிங்க. பூச்சியையே பெரும்பாலும் தின்னும் மீன்கொத்திகளும் இருக்கு. அதை முதல் பத்தியிலேயே சொல்லிட்டா படிக்கிறவர் பாதியில் விட்டுட்டு நகர மாட்டார். "மிக அழகான" எல்லாம் வேண்டாம், இறகின் நிறத்தைச் சொல்லுங்க. "அண்மையில்" என்பதும் கூடாது. அடுத்த வருசம் படிப்பவருக்கு அது எப்போன்னு தெரியாது, ஆண்டைப் போடுங்க.

பதில் 2
மீடியாவிக்கி (விக்கிப்பீடியா இயங்கும் மென்பொருள்) என்றால் உட்தலைப்புக்கு இருபுறமும் இரண்டு சமக்குறி. தடித்த எழுத்தை மட்டும் போட்டு ஒப்பேத்தாதீங்க, பொருளடக்கத்தில் வராது. திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருள்) வைத்துப் படிப்பவர்கள் தலைப்பு தலைப்பாத் தாவவும் முடியாது. இது எனக்கு ரொம்ப முக்கியம்.

கேட்டவர்
நன்றி, மாத்திடறேன். சான்று கட்டுரைக் கடைசியில் மொத்தமாப் போட்டால் போதுமா?

பதில் 1
போதாதுங்க. எந்த வாக்கியத்துக்கு எந்த நூல், எத்தனையாவது பக்கம் என்று அந்தந்த இடத்திலேயே குறிங்க. நாளைக்கு வேறொருவர் நடுவில் ஒரு வரி சேர்த்தாலும் குழப்பம் வராது.